பசுமைச் செலவு யார் தலையில்?

ஆசிரியருக்கு,

சிறு தொழிற்கூடங்கள் பசுமை விநியோகச் சங்கிலிக்கு, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் பொருள் செய்து அனுப்பும் முறைக்கு, மாறத் தயங்குகின்றன என்று உங்கள் தலையங்கம் குறைபட்டிருந்தது. விழிப்புணர்வு இல்லாமல் இல்லை. கையில் காசு இல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 250 பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களின் சுற்றுச்சூழல் விவரங்களையும் வெளியிட வேண்டும் என்று 2023இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொன்னது. பிறகு அது விருப்பத்துக்கு விடப்பட்டது வேறு கதை. ஆனால் பெரிய நிறுவனங்கள் கேட்கும் மாற்றத்தின் சுமை எங்களைப் போன்ற சிறு சப்ளையர்கள் தலையில்தான் விழுகிறது.

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் நாங்கள் லேத் பட்டறை நடத்துகிறோம். எங்களிடம் உதிரிபாகம் வாங்கும் ஒரு பெரிய நிறுவனம், அட்டைப்பெட்டி வேண்டாம், திரும்பத் திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் கிரேட்டில் அனுப்புங்கள் என்றது. நல்ல யோசனைதான். ஆனால் கிரேட் வாங்கிய செலவும், காலி கிரேட்டைத் திருப்பிக் கொண்டுவரும் டெம்போ வாடகையும் எங்கள் கணக்கில். பீஸ் விலையில் ஒரு பைசா ஏறவில்லை. பில் பணம் வர மூன்று மாதம். சட்டப்படி 45 நாளைத் தாண்டக் கூடாது. சரி, புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா? இப்படி மாற்றம் கேட்கும் நிறுவனம், அதற்கான செலவைப் பர்ச்சேஸ் ஆர்டரில் தனி வரியாகப் போட்டு, முன்பணமாகவே தர வேண்டும் என்று சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. அமைச்சகம் விதி கொண்டுவரலாம்.

– ஒரு வாசகர், பீன்யா, பெங்களூரு