முதலில் எடை, பிறகு பேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மொராக்கோ சுற்றுலா பற்றிய தங்கள் கட்டுரையில், கடைக்காரர் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கேளுங்கள் என்று எழுதியிருந்தது. ஐந்து மடங்கு ஏற்றிச் சொன்னவரிடம் மூன்றில் ஒன்றும் நஷ்டம்தான். எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குபவர்கள் எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), செய்கூலி என்று பிரித்துத்தான் பேசுவார்கள். மொராக்கோவின் மராகேஷ், டிஸ்னிட் நகர வெள்ளிக் கடைகளுக்கும் அதே கணக்கு பொருந்தும்.

உருப்படியை முதலில் தராசில் வைக்கச் சொல்ல வேண்டும். முத்திரை 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்றால் 60 கிராமில் சுத்த வெள்ளி 55.5 கிராம், 800 என்றால் 48 கிராம்தான். இதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை கிடைத்துவிடும். அதற்கு மேலே உள்ளது கூலியும் லாபமும். பேரம் பேச வேண்டியது அந்தப் பகுதியில் மட்டும். அங்குள்ள பூர்வகுடிகளான பெர்பர் மக்களின் நகைகளில் பவளம், அம்பர் (மரப்பிசின் கல்), எனாமல் வேலை அதிகம். கல் எடையைக் கழிக்காமல் வெள்ளி விலை போட விடாதீர்கள். அம்பர் என்று தருவதில் பிளாஸ்டிக்கும் நிறைய.

முத்திரை இல்லாமல் 'பெர்பர் வெள்ளி' என்று நீட்டினால் உஷார். பெரும்பாலும் அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர். வெள்ளி மருந்துக்கும் இருக்காது. காந்தம் வெள்ளியைப் போலவே இதையும் இழுக்காது என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். உரைகல்லில் தேய்த்து நைட்ரிக் திராவகம் ஒரு சொட்டு விட்டால் பச்சை கிளம்பும். சோதிக்க விடவில்லையா, பித்தளை விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

'கற்றாழைப் பட்டு' என்று விற்கும் சப்ரா துணிகளில் பெரும்பகுதி ரேயான். நூலைக் கொளுத்திப் பார்க்கும் நம் நெசவாளர் வழக்கம் இங்கே உதவாது. கற்றாழை நாரும் ரேயானும் ஒன்றுபோலவே காகிதமாக எரியும். கையால் தடவிப் பாருங்கள். கற்றாழை நார் முரடாக இருக்கும், வழவழவென்று மின்னாது.

வழிகாட்டியோடு போனால் அவருடைய கமிஷனும் விலையில் ஏறும். ஏற்காட்டில் வண்டிக்காரர் இறக்கிவிடும் கடையில் மிளகு வாங்குகிற கதைதான். மராகேஷில் 'ஆன்சாம்பிள் ஆர்ட்டிசனால்' என்ற அரசு கைவினை வளாகம் உண்டு. முதல் நாள் அங்கே விலைகளைக் குறித்துக்கொண்டு பிறகு சந்தைக்குள் நுழையலாம். புதினாத் தேநீர் கொடுத்தால் தாராளமாகக் குடிக்கலாம், அதற்காக வாங்கவேண்டியதில்லை. ஆனால் நாம் சொன்ன விலைக்கு அவர் சம்மதித்த பிறகு எழுந்து வருவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு வாயே திறக்கக் கூடாது. விலையை யூரோவில் சொன்னால் அந்நாட்டு நாணயமான திர்ஹாமில் கேளுங்கள். மாற்று விகிதத்திலும் கை வைப்பார்கள்.

அடுத்த பயணக் கட்டுரையில் இந்த எடைக் கணக்கையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வெள்ளிப் பட்டறைக்காரர்கள் சிலர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.