தாத்தாவின் தப்பு

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மட்டக்களப்பில் வெயில் எப்படி? இங்கே வட்டவளையில் ஒரு வாரமாக மழை விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் இசை நிலையம் அமைக்கும் விஷயம் உறுதியாகிவிட்டது. சனிக்கிழமை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். பகலில் மாணவர்கள், மாலையில் தேயிலைக் கொழுந்து எடுத்து வரும் பெண்களும் தோட்டத்து இளைஞர்களும். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளைக்காம்பராவைத்தான் கேட்கிறோம். நம் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபத்தில் நாலு வகுப்பு நடப்பது உனக்குத் தெரியும். அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் ஐந்தாம் தரப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? இடம் தோட்டத்துக்குச் சேர்ந்தது என்பதால் நிர்வாகத்தின் கடிதம் வர வேண்டும்.

நீ அனுப்பிய பட்டியலை அதிபர் வாசித்தார். சுருதிப்பெட்டி, இரண்டு வயலின், மிருதங்கம், ஹார்மோனியம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் மகளே, நம் ஊர் ஈரத்தை நீ மறந்துவிட்டாய். வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை துணியே காயாது. வயலின் பசை விடும், மிருதங்கத் தோல் தொய்ந்துபோகும், ஹார்மோனியத்துக்குள் பித்தளை பச்சை பிடிக்கும். அதனால் முதல் செலவு சீலிங்குக்கு என்று சொன்னேன். தகரத்தில் மழை அடித்தால் பக்கத்தில் பாடுகிறவர் குரலும் கேட்காது. அப்புறம் இறுக மூடும் ஒரு அலுமாரி. உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருந்தால் ஈரம் அண்டாது. சரிதானே?

கடைசியில் எழுந்து, தப்பு மேளத்தையும் சேர்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "சாவு வீட்டு மேளத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவதா?" என்று கேட்டார்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் மேசையில் தப்பு அடியைத் தட்டியதற்கு ஒரு வாத்தியார் இதே வார்த்தையைச் சொல்லி விரலில் பிரம்பால் அடித்தார். அன்று மாலை உன் தாத்தா வழக்கம்போல் தப்பை நீட்டினார். வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் நீட்டவே இல்லை.

விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் எழுப்பத் தப்பு அடித்தவர் அவர். மாசியில் காமன் கூத்து நடந்தால் ரதியும் மன்மதனும் அவர் அடிக்குத்தான் ஆடினார்கள். திருவிழாவில் சாமி வருவதும் அந்தச் சத்தத்துக்குத்தான். இந்தியாவிலிருந்து மன்னாரில் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டுவழியில் நடந்து வந்த சனத்தின் மேளம் அது. சாவுக்கு மட்டும் எப்படி உரியதாகும்? இத்தனையும் கூட்டத்தில் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லி முடித்தேன். நம் ஈரத்துக்கும் அதுதான் ஏற்றது. தொய்ந்தால் சருகைக் கொளுத்திக் காட்டினால் போதும், மறுபடி முறுக்கேறிவிடும்.

அதிபர் பட்டியலில் எழுதிக்கொண்டார். தோட்டத்தின் கீழ் டிவிசனில் காமன் கூத்துக்கு அடிக்கும் பெரியவர் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டார். அவருக்கு அடி கையில்தான் இருக்கிறது, எழுத வராது. விடுமுறைக்கு வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிருதங்கச் சொற்கட்டு எழுதுவதுபோல ஒவ்வொரு அடியையும் எழுதித் தர வேண்டும். நாலு நாளாவது ஆகும், அதற்கேற்ப லீவு எடு.

இன்னொன்று. தாத்தாவின் தப்பை நிலையத்துக்குக் கொடுக்க நினைக்கிறேன். சட்டம் நன்றாக இருக்கிறது, தோல்தான் கிழிந்துவிட்டது. மட்டக்களப்பில் பறைமேளக்காரர்கள் இருக்கிறார்களே, தோல் கட்டத் தெரிந்தவரை விசாரித்து வை. அடுத்த மாதம் நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

அன்புடன்,
அப்பா