அரசாணியா, பூசணியா? போட்டி விதி தமிழிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையாள மாதமான சிங்ஙத்தின் முதல் நாள், கேரளத்தில் விவசாயிகள் தினம். அதையொட்டிப் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசுவோர் வாழும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் விளைபொருள் கண்காட்சி வைப்பவர்கள் போட்டி விதிகளைத் தமிழிலும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். மொழிப்பற்றுக்காகக் கேட்கவில்லை, காய் மாறிப்போகிறது. மலையாளத்தில் 'கும்பளங்ங' என்றால் சாம்பல் பூசணி, 'மத்தங்ங' என்றால் நம் அரசாணி, அதாவது மஞ்சள் பூசணி. இரண்டையும் பூசணி என்றே சொல்லிப் பழகியவர் தப்பான பிரிவில் பதிந்துவிட்டு, நடுவர் ஒதுக்கிய பிறகுதான் விழிப்பார். 'வெள்ளரி' இன்னும் சிக்கல். மலையாளிகளுக்கு அது விஷு நாளில் கண் விழித்ததும் பார்க்கும் விஷுக்கணியில் வைக்கும் மஞ்சள் காய். நமக்கோ பச்சையாகக் கடிக்கிற பிஞ்சு.

ஒரு தட்டில் எத்தனை காய் என்பதையும் விதியிலேயே போடுங்கள். கத்தரி ஐந்து, பாகல் ஐந்து, தேங்காய் மூன்று என்று இருந்தால், எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பருவமா என்று பார்க்க முடியும். எண்ணிக்கை இல்லாவிட்டால் ஒருவர் கூடையோடு வருவார், இன்னொருவர் ஒற்றைப் பெருங்காயோடு வருவார். எடைக்கு மட்டும் பரிசென்றால் மேசைக்கு வருவது முற்றிய கத்தரிதான். அறுத்தால் உள்ளே முழுக்க விதை.

கொண்டுவருகிறவர்கள் பக்கமும் தவறு உண்டு. சாம்பல் பூசணியைக் கழுவித் துடைத்து வைக்கிறார்கள். அந்த வெள்ளைப் பூச்சுதானே காய் முற்றியதற்கு அடையாளம்! காம்போடு அறுத்து, வைக்கோல் மேல் வைத்து, கை அதிகம் படாமல் கொண்டுவர வேண்டும். கத்தரிக்குத் தேங்காயெண்ணெய் பூசுவது பழைய தந்திரம். நடுவர் விரல் வைத்ததும் தெரிந்துவிடும். விடியற்காலையில் காம்பு ஓர் அங்குலம் விட்டுக் கத்தரிக்கோலால் அறுத்து, வாழையிலையில் பொதிந்தால் வாடாது, எண்ணெயும் வேண்டாம். நேந்திரன் வாழைத்தாரை வெட்டியதும் வண்டியில் போடாமல், பால் வடிந்து நிற்கும்வரை பொறுக்கவும். காயில் வழிந்து காய்ந்தால் அந்தக் கறுப்புக் கறை எதற்கும் போகாது. சேனைக்கிழங்கைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். காய்ந்த மண்ணைத் துணியால் தட்டினால் போதும். மண்வெட்டி பட்ட கிழங்கு எவ்வளவு பெரிதானாலும் வீட்டுச் சமையலுக்குத்தான். வெட்டுப்பட்ட இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

பந்தல் போடுகிறவர்களுக்கும் ஒன்று: பழுத்த வாழைத்தாருக்கு அருகில் பாகலை வைக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயுவால் பாகல் மஞ்சளடித்து வெடிக்கும். கண்காட்சி முடிவதற்குள் நல்ல காயெல்லாம் கெட்டு, குறை விவசாயி தலையில் விழும். பழங்களுக்குக் காற்றோட்டமான தனி மூலை கொடுங்கள். கீரையை வேரோடு பிடுங்கி, தண்ணீர்க் குவளையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

தட்டோடு வைக்கும் சீட்டில் எண், ரகம், விதைத்த நாள், பறித்த நாள் மட்டும் இருக்கட்டும். பென்சிலால் எழுதினால் ஈரம் பட்டாலும் கரையாது. விவசாயி பெயரை நடுவர் சுற்றி முடித்தபின் ஒட்டலாம்.

இப்படிக்கு,
காய்கறி விவசாயிகள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.