பின் ஆக்ஸில் சீல் இரண்டு முறை மாற்றியும் பிரேக்கில் எண்ணெய்: நான்காவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த விஷயமாக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது, கால்புள்ளி கூட மாறாமல். முக்கியமாக இருந்திருந்தால் நான் இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். இருந்தாலும் மரியாதையாகவே ஆரம்பிக்கிறேன்.

என் டிராக்டர் 1964 மாடல். எந்த சீல் என்று விளக்கத் தேவையில்லை, பின் சக்கர அச்சான ஷாஃப்டைச் சுற்றி இருந்து கியர் ஆயில் பிரேக் பக்கம் வராமல் தடுக்கும் வளையம், நீங்கள் நீல டப்பாவில் போட்டு விற்கும் அந்த செட்தான். இடது பக்கத்துக்கு இரண்டு முறை வாங்கிப் போட்டேன். இரண்டு முறையும் பத்து மணி நேரம் ஓடுவதற்குள் டயரின் உள்பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு இறங்கிவிட்டது. பிரேக் டிரம்மைக் கழற்றினால், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ இரண்டும் கியர் ஆயிலில் குளித்துக் கிடக்கின்றன.

உங்கள் ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்பது "சரியாப் போட்டீங்களா சார்?" என்பதைத்தான். போட்டோம். லிப், அதாவது ஷாஃப்டைத் தொடும் ரப்பர் உதடு, எண்ணெய்ப் பக்கம் பார்த்தபடிதான் இருந்தது. போடும் முன் லிப்பில் எண்ணெய் தடவினோம். ஷாஃப்டில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பல் பட்டு லிப் கிழியக் கூடாதென்று ஷாஃப்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றித்தான் இறக்கினோம். பழைய சீல் ஷாஃப்டில் பள்ளம் போட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தோம், வழவழவென்று இருந்தது. காற்று வெளியேறும் துளையான பிரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வரும் என்பது எனக்கும் தெரியும். அதையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினோம். எண்ணெய் அளவும் குச்சியில் மேல் கோட்டைத் தாண்டவில்லை. இதற்கு மேல் பூஜை போடுவதுதான் பாக்கி.

வரிசை தப்பினாலும் பரவாயில்லை, உங்கள் கஸ்டமர் கேர் தம்பி பேசியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு லைனுக்கு வந்தவர், நான் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை. "அறுபது வருஷத்து வண்டியில எண்ணெய் ஒழுகாம தேனா சார் ஒழுகும்?" என்றார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. ஐயா, வண்டி பழசுதான், நான் மறுக்கவில்லை. ஒழுகுவது உங்கள் புது சீல். அப்பா காலத்து சீல் அத்தனை வருஷம் உழைத்து, ரப்பர் கட்டையாக இறுகிப்போன பிறகுதான் கசிந்தது. அந்தப் பேச்சு பதிவாகியிருக்கும் என்று உங்கள் இயந்திரக் குரலே சொன்னது. தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

இரண்டாவது முறை போடும்போதுதான் கோளாறு கண்ணில் பட்டது. சீல் என்றால் மேலே ஒரு கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றி நாலு தட்டு தட்டினால்தான் தன் இடத்தில் இறங்கும். உங்கள் சீல் இரண்டு கட்டைவிரலால் அழுத்தியதுமே மோதிரம் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. கையால் சுற்றினால் சுற்றுகிறது! பழையதையும் இதையும் நுட்பமாக அளக்கும் வெர்னியரில் வைத்து அளந்தேன், வெளி விட்டம் அரை மில்லிமீட்டர் குறைவு. லிப் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்கிறது, எண்ணெய் சீலின் முதுகுப் பக்கமாக வழிகிறது. டப்பா மேல் இருக்கும் நம்பர் என்னவோ சரிதான்.

இதைச் சொன்னதும் "சீலையும் டிரம்மையும் நேரில் கொண்டு வாங்க" என்றார்கள். டிரம் எதற்கு என்று கேட்டேன். "பார்க்கணும்" என்றார்கள். வார்ப்பிரும்பு டிரம்மைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். உங்கள் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் அது என் காலடியிலேயே கிடந்தது. கடைசியில் ஒருவர் எட்டிப் பார்த்து, "இதை ஏன் தூக்கிட்டு வந்தீங்க? போட்டோ அனுப்பினா போதுமே" என்றார். சாக்கை அவிழ்க்கக்கூட இல்லை. திரும்பிப் போகும்போது கண்டக்டர் டிரம்முக்கும் டிக்கெட் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

அப்புறம் ஷூ மேல் உராய்வதற்காக இருக்கும் லைனிங்குக்கு அந்த அருமையான யோசனை: "லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காய வைங்க, சரியாயிடும்." பிரேக் சாமான் விற்கிற கம்பெனி பேசுகிற பேச்சா இது? எண்ணெய் குடித்த லைனிங் மேலுக்குக் காய்ந்த மாதிரிதான் இருக்கும். இரண்டு தடவை பிரேக் மிதித்துச் சூடு ஏறினால் உள்ளே இருக்கும் எண்ணெய் வியர்வை போல் வெளியே வரும். நான் இரண்டு முறையும் ஷூ புதிதாகத்தான் போட்டேன். அதோடு பேரிங்கைப் பிடித்திருக்கும் காலர் என்ற இறுக்கமான வளையத்தை ஒவ்வொரு முறையும் உளியால் பிளந்து எடுத்து, புதுக் காலரைச் சூடாக்கி இறக்க வேண்டும். ஒரு சீலுக்காக இவ்வளவு வேலை.

விளையாட்டில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் வந்தேன். இடது, வலது பிரேக்குக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்துத்தான் மிதித்தேன். இடது பக்கம் வழுக்கியது, வலது பக்கம் மட்டும் கவ்வியது, வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முன்சக்கரம் பள்ளத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டிரெய்லர் மேல் என் தம்பி மகன் உட்கார்ந்திருந்தான். ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை வக்கீல்தான் எழுதியிருப்பார்.

இந்தப் பருவத்து உழவு போச்சு. விதைப்பு போச்சு. என் இடுப்பும் போச்சு. முப்பது வருஷமாக ஊரார் வண்டிக்கெல்லாம் யோசனை சொன்னவன் நான், இப்போது அவர்களே என்னைப் பார்த்து "பிரேக் பிடிக்குதா?" என்று கேட்கிறார்கள். இதற்கெல்லாம் நஷ்டஈடு கேட்டால் உங்கள் கம்பெனியையே எழுதிக் கொடுத்தாலும் பத்தாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சரியான அளவு சீல் இரண்டு, அளந்து பார்த்து அனுப்புங்கள். வீணான இரண்டு ஜோடி ஷூவுக்கும் காலருக்கும் பணம் தாருங்கள். அந்த நீல டப்பா சரக்கு முழுவதையும் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள், இன்னொருவர் இறக்கத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். 15 நாள் பொறுப்பேன். அதன் பிறகு நுகர்வோர் நீதிமன்றத்தில், இரண்டு சீலையும் வெர்னியரையும் மேஜையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். உங்களில் விஷயம் தெரிந்தவர் ஒருவராவது இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் எழுதினேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

பி.கு.: உழவு நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்று முன்பு எழுதியிருந்தேன். வண்டி கட்டை மேல் நிற்கிறது. இப்போது எந்நேரமும் கூப்பிடலாம்.