தம்பிக்கு, காலையில் படிக்க

அன்புள்ள தம்பி,

கானா ஊர் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கவில்லையா என்று போனில் கேட்டாய். ஆக்கினார். அது மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் என்று 104-ஆம் சங்கீதமும் சொல்கிறது. வயிற்றுக்காகக் கொஞ்சம் குடி என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல்தான். சரி. ஆனால் நீ இப்போது குடிப்பது கல்யாண வீட்டிலும் இல்லை, வயிற்றுக்காகவும் இல்லை.

நீதிமொழிகள் 23-ஐ எடுத்து, 29-ஆம் வசனத்திலிருந்து கடைசிவரை படி. "மதுவைப் பாராதே" என்கிற வசனத்தை மட்டும் பிய்த்து உன் முகத்தில் எறிகிறவர்கள் மேல் உனக்கு இருக்கும் எரிச்சல் நியாயமானதுதான். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார். யாருக்கு வேதனை, யாருக்குத் துக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்து, யாருக்குக் காரணமில்லாத காயங்கள் என்கிறது. முழங்கையில் தோல் உரிந்திருக்கும். எங்கே விழுந்தோம் என்று மறுநாள் தெரியாது. எழுதியவர் குடிகாரனைப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறார்.

கடைசி வசனத்தில் குடித்தவனே பேசுகிறான். அடித்தார்கள், நோகவில்லை, எப்போது விழிப்பேன், மறுபடியும் அதைத் தேட வேண்டும் என்கிறான். இத்தனை துக்கத்தையும் அடுக்கிவிட்டு, அதனால் திருந்தினான் என்று அந்தப் பகுதி முடியவில்லை. தெரிந்தும் விட முடியாத நிலை ஒன்று உண்டு என்று வேதத்துக்குத் தெரியும். மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்று உன்னிடம் சுலபமாகச் சொல்கிறவர்கள் இந்தக் கடைசி வசனம்வரை வாசிக்கவில்லை போலிருக்கிறது.

அப்புறம் நாபால் என்கிற பணக்காரன் கதை. 1 சாமுவேல் 25. தாவீது 400 பேரோடு அவன் வீட்டை அழிக்க வருகிறான். நாபாலின் மனைவி அபிகாயில் வழியிலேயே காலில் விழுந்து தடுத்துவிட்டுத் திரும்புகிறாள். நாபாலோ ராஜவிருந்து வைத்து வெறித்துக் கிடக்கிறான். பொழுது விடியும்வரை அவள் வாயே திறக்கவில்லை. இப்போது சொல்லலாமா, தெளியட்டுமா என்கிற கணக்கு குடிக்கிறவன் வீட்டுப் பெண்களுக்குத் தானாக வந்துவிடும். உன் மனைவியும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் காய்ச்சலைக்கூட உன் முகம் பார்த்துத்தான் சொல்கிறாள். நானும் இதைக் காலையில் அனுப்புவது அதனால்தான்.

ஒன்று மட்டும். இதைப் படித்த வேகத்தில், இனி ஒரு சொட்டும் இல்லை என்று தனியாக முடிவெடுத்துவிடாதே. தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்த்து நிறுத்துவதுதான் முறை. நான் ஜெபிக்கிறேன், நீ மாத்திரையும் எடு. அது அவிசுவாசம் இல்லை. வயிற்றுக்கு வைத்தியம் சொன்ன பவுல் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

இந்த வாரம் எந்த நாள் மருத்துவரிடம் போகலாம் என்று சொல். கூட வருகிறேன். உள்ளே வராதே என்றால் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா