இவ்வாரம் கேட்க வேண்டிய தொகுப்பு: மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்'

உறுப்பினர்களுக்கு வணக்கம். இவ்வாரக் கலந்துரையாடலுக்கு, 2023 ஏப்ரல் 14 அன்று வெளியான, அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் பதினோராவது ஸ்டூடியோ ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறோம். மொத்தம் 12 பாடல்கள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடாது, ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கி வையுங்கள்.

ஆண்டுக்கு நான்கு பருவங்கள் என்று கணக்கிட்டால் 72 பருவங்கள் என்பது மனிதனின் முதல் 18 ஆண்டுகள். அந்த வயதுக்குள் பெற்றோரும் சூழலும் நம்முள் பதித்தவற்றிலிருந்து பின்னாளில் விடுபட முடியுமா என்பதே குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு எழுப்பும் கேள்வி. அட்டையில் பளிச்சென்ற மஞ்சள் பின்னணியில் கருகிக் கிடக்கும் குழந்தைத் தொட்டிலைக் கவனியுங்கள்.

'ஸ்க்ரீமிங் சூசைட்' பாடலில் தற்கொலை எண்ணமே தன்னிலையில் பேசுகிறது. வெளியே சொல்லக் கூசும் அந்த இருளைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசவைப்பதுதான் அதன் நோக்கம் என்றே நான் கருதுகிறேன். மனம் கனத்திருப்பவர்கள் இதைத் தனியே கேட்க வேண்டாம். எந்நேரமும் என்னை அழைக்கலாம்.

'லக்ஸ் ஏட்டெர்னா' மூன்றரை நிமிடத்தில் பாய்ந்து முடிகிறது. லத்தீனில் 'நித்திய ஒளி' என்று பொருள்படும் அத்தலைப்பு, இசையரங்கில் கூடும் ரசிகர் திரளின் ஆனந்தத்தைக் குறிக்கிறது.

இறுதியாக வரும் 'இனமொராட்டா' 11 நிமிடத்துக்கும் மேல் நீளும், இக்குழுவின் மிக நீண்ட பாடல். துயரத்தைக் காதலியாக உருவகித்து, அவளை விட்டு விலக மனமில்லாத ஒருவனின் நிலையைச் சொல்லும் இதுவே, என் கணிப்பில், தொகுப்பின் உச்சம். நடுவே கிட்டார்களின் இரைச்சல் தணிந்து குழுவின் ராபர்ட் ட்ருஹியோ வாசிக்கும் பேஸ் கிட்டார் முன்னுக்கு வரும் பகுதியை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கருத்துகளை ஞாயிறு மாலைக்குள் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.