பட்டாபட்டி டவுசரும் பட்போங் தெருவும்

ஈரோடு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் கடிதமும் கோபி பஸ்ஸில் கொடுத்துவிட்ட அரிசியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. புது அரிசி குழையும், ஆறு மாசம் போகட்டும் என்று உன் தங்கச்சி டின்னில் கொட்டி மூடிவிட்டாள். இங்கே மஞ்சள் விலை வழக்கம்போலத்தான். நான் இருப்பு வைத்திருந்தால் இறங்கும், விற்ற மறுவாரம் ஏறும். முட்டிவலி இருக்கிறது. மற்றபடி குறையில்லை.

டார்கெட் முடித்த டீலர்களை மோட்டார் கம்பெனிக்காரன் பாங்காக், பட்டாயா என்று நாலு ராத்திரி கூட்டிப் போகிறான் என்று எழுதியிருக்கிறாய். நீ போய்வந்தவனாயிற்றே, என்ன பார்க்கலாம் சொல்லு என்றும் கேட்டிருக்கிறாய். பகலில் பார்க்க வேண்டியதையெல்லாம் கைடு காட்டிவிடுவான். ராத்திரி இந்தியன் ஓட்டலில் பருப்பும் ரொட்டியும் போட்டு, ஒன்பது மணிக்கு ரூமில் கொண்டுவந்து விடுவான். அத்தோடு அவன் சோலி முடிந்தது. அதற்கு மேல்தான் உங்கள் ஆட்கள் வேட்டியை அவிழ்த்து ஜீன்ஸ் போடுவார்கள். நான் எழுதப்போவது அந்த ஒன்பது மணிக்கு மேற்பட்ட சமாசாரம்.

அதற்கு முன்னால் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். 2018-இல் உரக் கம்பெனி டூரில் போனபோது ஏர்போர்ட்டில் பர்ஸ் தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, நினைவிருக்கிறதா? பர்ஸ் எங்கேயும் தொலையவில்லை. இப்போதும் ஜோப்பில் அதே பர்ஸ்தான் இருக்கிறது.

பாங்காக்கில் சீலோம் ரோட்டை ஒட்டி பட்போங் என்று இரண்டு சந்து. பட்போங்பானிச் என்று ஒரு குடும்பம் 1946-இல் வாங்கிய இடம், பேரும் அவர்கள் பேர்தான். வியட்நாம் சண்டை நடந்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் லீவுக்கு வந்து வந்து தெருவே பாராகிவிட்டது. பொழுதோடே நடுத்தெருவில் கடை போட்டுவிடுவார்கள்: டி-சர்ட், வாட்ச், பெல்ட், பை. திங்கட்கிழமை ராத்திரி நம்ம கனி மார்க்கெட் எப்படி இருக்கும்? அதே நெரிசல், அதே பல்பு வெளிச்சம், அதே கூவல். நம்ம சந்தையாட்டமே இருக்கிறதே என்று கால் தானாக உள்ளே போய்விட்டது.

நான், தாராபுரத்துக்காரர் ஒருத்தர், காங்கேயத்துப் பையன் ஒருத்தன் என்று மூன்று பேர். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை நீட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். பீர் 100 பாட், ஷோ இலவசம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். படி ஏறினோம். படி ரொம்பக் குறுகல். ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் ஏற முடியும், அப்படியேதான் இறங்கவும் முடியும். ஏறும்போது அது எவனுக்கும் உறைக்கவில்லை.

மேலே பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு ஒரு பீர். இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் கேட்காமலே அவர்கள் முன்னாலும் இரண்டு கிளாஸ் வந்தது. ஷோ என்றால் என்ன என்று கேட்காதே, பார்க்கிறவனுக்கே பாவமாக இருந்தது. போதும் என்று எழுந்தோம். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பாங்கி கேஷியராட்டம் இருந்தார், ஒரு சீட்டை நீட்டினார். 7,200 பாட். பீர் சொன்னபடி 100 தான். ஷோ பார்த்ததற்கு ஆளுக்கு இவ்வளவு, பெண்கள் குடித்ததற்கு இவ்வளவு என்று அழகாகக் கூட்டியிருந்தது. கூட்டலில் ஒரு தப்பு கிடையாது. அப்போது ஒரு பாட் நம்ம காசுக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். திரும்பிப் பார்த்தால் படிவாசலில் இரண்டு பேர் நின்றார்கள். அடிக்கவில்லை, அதட்டவில்லை, சும்மா நின்றார்கள்.

தாராபுரத்துக்காரர் குட்டி ஆடு வாங்குகிற மாதிரி நின்று பேசி 5,000-க்கு இறக்கினார். கொடுத்துவிட்டு இறங்கினோம். அங்கே டூரிஸ்ட்டுகளுக்கென்றே தனிப் போலீஸ் இருக்கிறது. 1155 என்று அடித்தால் எந்நேரமும் இங்கிலீஷில் பேசுவார்கள். இந்த மாடிக்கடை வழக்கெல்லாம் அவர்களுக்குத் தினசரிப் பாடு. நம்பர் கைடு கொடுத்த அட்டையிலேயே இருந்தது. போன் போடலாம் என்று நான் எடுத்தேன். காங்கேயத்துப் பையன் கையைப் பிடித்துக்கொண்டான்: “வேண்டாமுங்கண்ணா, வூட்டுல தெரிஞ்சா செத்தேனுங்க.” நானும் போனை உள்ளே வைத்துவிட்டேன். அவனுக்காக என்று அப்போது நினைத்தேன், எனக்காகவும்தான். ஓட்டல் படியில் உட்கார்ந்து, மூன்று பேருக்கும் பர்ஸ் தொலைந்தது என்று முடிவு செய்தோம். ஒரே நாளில் மூன்று பர்ஸ்! மூன்று வீட்டிலும் நம்பினார்கள் பார்.

அந்தக் கடைக்கு முதலீடே நம்ம வெட்கம்தான், மாப்பிள்ளை. ஊருக்குப் போய் ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான் என்று அந்தக் கண்ணாடிக்கார அம்மாவுக்குத் தெரியும். நீயும் நானும் அந்தியூர் குருநாதசாமி திருவிழாவில் ‘வை ராஜா வை’ என்றவனிடம் சைக்கிளுக்கு வைத்திருந்த காசை வைத்துவிட்டு, ஜேப்படி என்று வீட்டில் சொன்னோமே, அதே கதைதான். உங்கப்பா பாவம், மறுநாள் ஜேப்படிக்காரனைத் தேடி அந்தியூருக்கே போய்வந்தார். அந்த வருஷமே வாய் திறந்திருந்தால் அடுத்த ஆடிக்கு நம்ம தெருப் பையன்கள் நாலு பேராவது தப்பித்திருப்பார்கள்.

அதனால் நீ போனதும் முதலில் செய்ய வேண்டியது, உன்னோடு ரூமில் தங்குகிற ரூம்காரனிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடு. என் பேரைச் சொல்லியே சொல்லு, பரவாயில்லை.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கயிறு கைமாறுமுன் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் விலை தெரிந்திருக்கும். விலை தெரியாமல் கயிற்றைப் பிடிக்காதே. மாடிக்கே ஏறாதே. உட்கார வேண்டுமென்றால் ரோட்டோரம் திறந்து கிடக்கிற கடையில், விலை அச்சடித்த அட்டையைப் பார்த்துவிட்டு உட்கார். அந்த மாதிரிக் கடைகளில் ஒரு பழக்கம்: ஒவ்வொன்று வாங்கும்போதும் சீட்டு எழுதிச் சுருட்டி உன் முன்னால் இருக்கிற சின்னக் குவளையில் போடுவார்கள். கடைசியில் அதையெல்லாம் கூட்டித்தான் கணக்கு. புதுச் சீட்டு விழும்போதெல்லாம் எடுத்துப் பார். அவர்கள் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இன்னொன்று, சிரிக்காதே. சில பார்களில் மேஜைக்கு மேல் ஒரு மணி தொங்கும். அதை அடித்தால் கடையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு ரவுண்டு வாங்கித் தருகிறேன் என்று அர்த்தம். எங்கள் குழுவில் ஒருத்தர் உள்ளே நுழைந்தவுடன் கோயில் மணியை அடிக்கிற வாக்கில் கையைத் தூக்கிவிட்டார். நல்லவேளை, எட்டவில்லை.

பட்டாயாவில் வாக்கிங் ஸ்ட்ரீட் என்று அரைக் கிலோமீட்டர் தெரு. பொழுதோடே வண்டியை நிறுத்திவிடுவார்கள், சனம் மட்டும்தான். தெருவைவிடத் திரும்பி வருகிற கடற்கரை ரோடுதான் எனக்குப் பயம். பழகினவர்கள் போலக் கட்டிப்பிடிக்க வருவார்கள், விலகும்போது கழுத்தில் சங்கிலி இருக்காது. நம்ம ஊர்க்காரர்கள் தங்கம் போட்டிருப்பார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். உன் மைனர் செயினையும் அந்த நவரத்தின மோதிரத்தையும் வீட்டில் கழற்றிவைத்துவிட்டுப் போ. என் தங்கச்சியிடமே கொடுத்துவிட்டுப் போனால் அவளும் நிம்மதியாக இருப்பாள். பாஸ்போர்ட் ஓட்டல் பெட்டகத்தில் இருக்கட்டும், போட்டோ போனில் இருந்தால் போதும். வாடகை பைக்குக்கோ கடலில் ஓட்டுகிற ஜெட் ஸ்கிக்கோ பாஸ்போர்ட்டை அடமானம் கேட்பார்கள். ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி நீதான் உடைத்தாய் என்பார்கள், பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தால் நீ என்ன பேசுவாய்? சண்டையும் போடாதே. அந்த ஊரில் சத்தம் போடுகிறவனைத்தான் தப்புக்காரனாகப் பார்க்கிறார்கள். நம்ம குரல் வேறு, சாதாரணமாகப் பேசினாலே சண்டையாட்டம் கேட்கும்.

குடிக்காதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. கண்ணெதிரே சீல் உடைத்த பாட்டில், இல்லாவிட்டால் வேண்டாம். பக்கெட்டில் கலந்து உறிஞ்சுகுழல் போட்டுத் தருகிறதெல்லாம் சின்னப் பையன்களோடு போகட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் உயிர் போனதே, அதே மெத்தனால்தான் அந்த நவம்பரில் லாவோஸில் வாங் வியங் என்கிற ஊரில் ஆறு வெளிநாட்டு டூரிஸ்ட்டுகளையும் கொன்றது. அதே வருஷம் ஆகஸ்டில் பாங்காக்கிலேயே யாதோங் என்கிற நாட்டுச் சரக்கில் கலந்து ஆட்கள் செத்தார்கள். குடித்த உடனே தெரியாது. மறுநாள் கண் மங்கும், வயிறு புரட்டும், தலைவலி தானே என்று படுத்துவிடுவார்கள். கண் மங்கலானால் நேராக ஆஸ்பத்திரிதான், தூங்கிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

உனக்குச் சர்க்கரை வேறு. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால், சர்க்கரை இறங்கும்போது ஈரல் கைகொடுக்காது, அது சாராயத்தைச் சமாளிக்கவே சரியாக இருக்கும். உளறல், வேர்வை, தள்ளாட்டம் எல்லாம் போதை மாதிரியே இருக்கும். கூட இருக்கிறவன் ‘ஏறிருச்சு, தூங்கட்டும்’ என்று போர்த்திவிட்டுப் போவான். சாப்பிட்டுவிட்டுப் போ, ஜோப்பில் நாலு சர்க்கரை மிட்டாய் வை, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். ரூம்காரனுக்கும் இதைச் சொல்லிவை.

பாங்காக்கில் மெட்ரோ நடுராத்திரியோடு நின்றுவிடும். பார்களோ இரண்டு மணி வரை, 2023 டிசம்பரிலிருந்து சில வட்டாரங்களில் நாலு மணி வரை. அந்த இடைவெளியில் டாக்ஸிக்காரனுக்கு அறுவடை. மீட்டர் 35 பாட் என்று ஆரம்பிக்கும். பார் வாசலில் நிற்கிறவன் மீட்டர் போடமாட்டான். நூறடி நடந்து ஓடுகிற வண்டியைக் கைகாட்டு, இல்லாவிட்டால் போனில் கிராப் ஆப்பில் வண்டி கூப்பிடு. தாய் எழுத்தில் விலாசம் போட்ட ஓட்டல் கார்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். அப்புறம், பாட் நோட்டு காற்றில் பறந்தால் காலால் மிதித்துப் பிடிக்காதே. அதில் ராஜா படம் இருக்கிறது, அங்கே அது விளையாட்டில்லை.

போட்டோ எடுக்கிறவர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். தடுத்துவிடு. அந்தப் பெண்களில் பாதிக்கு மேல் ஈசான் பக்கத்துப் பிள்ளைகள் என்று கைடு சொன்னான். வடகிழக்கில் மழையை நம்பி நெல் போடுகிற காட்டுச் சீமை. நம்ம மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வறண்ட ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிற மாதிரிதான், மாசாமாசம் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டு இருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் போனில் ஒரு குழந்தை படம் காட்டினாள். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, பில்லை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அதே சீலோம் ரோட்டில் நடந்தால் மாரியம்மன் கோயில்! போன நூற்றாண்டுக்கும் முந்தி நம்ம தமிழ்க்காரர்கள் கட்டியது. தாய்க்காரர்கள் அதை ‘வாட் கேக்’ என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி, நம்ம பேச்சில் ஒரம்பரை. இந்தியர்களுக்கே அங்கே அந்தப் பேர்தான். எலுமிச்சை மாலையும் விபூதியும் பார்த்தவுடன் தாராபுரத்துக்காரர் அழுதுவிட்டார். ராத்திரி நாங்கள் ஏறின படிக்கும் அம்மன் வாசலுக்கும் நடக்கிற தூரம்தான். பார்த்திருப்பாள். இந்தியத் தூதரகம்கூடப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது: சுகும்வித் 23-ஆம் சந்தில், சோய் கௌபாய் என்கிற இன்னொரு பார்த் தெருவுக்குப் பக்கத்திலேயே.

சரி, கடைசியாக ஒன்று. அப்பச்சி காலத்தில் சந்தைக்குப் போகும்போது வேட்டிக்குள் பட்டாபட்டி டவுசர் போட்டு, அதன் உள்ஜோப்பில் காசு வைத்துப் போவார்களே, அதைவிட நல்ல பெட்டகம் நான் இன்னும் பார்க்கவில்லை. நம்ம தையல்காரரிடம் இரண்டு தைக்கச் சொல்லிவிட்டேன். ஜோப்புக்கு ஜிப் வைக்கிறாராம். ஜீன்ஸுக்குள் போட்டால் புடைத்துக்கொண்டு நிற்குமே என்று யோசிக்கிறார், நிற்கட்டும் என்றேன். உன் இடுப்பு இன்னும் 38 தானா, ஏறிவிட்டதா என்று புதன்கிழமைக்குள் போன் போட்டுச் சொல். சனிக்கிழமை கோபி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

என் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். நான் இங்கே உன் தங்கச்சியிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். “பர்ஸ் தொலைஞ்சவனுக்கு அதுல இருந்த ஏடிஎம் கார்டு மட்டும் எப்புடி இருந்துச்சுன்னு அன்னைக்கே நெனச்சேன்” என்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்